உடலில் தோன்றும் தீங்கற்ற நீர்க்கட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. நீர்க்கட்டி என்பது உண்மையில் என்ன?

அந்தப் பயத்துக்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். சீழ் வைத்து வீங்கினாலும் கட்டி என்கிறோம். கொழுப்பு திரண்டு தோலுக்கு அடியில் வழுக்கி நகர்ந்தாலும் கட்டி என்கிறோம். கருப்பையில் தசை முடிச்சாகத் திரண்டாலும் அதே சொல்தான், புற்றுநோய்க்கும் அதே சொல்தான். இவற்றுக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லை என்றாலும் ஒரே பெயரில் வழங்குவதால், ஸ்கேன் அறிக்கையில் 'சிஸ்ட்' என்று பார்த்தவுடன் மனம் மிக மோசமான பொருளுக்கே ஓடுகிறது.

நீர்க்கட்டி என்பது தனக்கென ஒரு சுவர் கொண்ட மூடிய பை. நுங்கை ஓட்டிலிருந்து சிதையாமல் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: வெளியே மெல்லிய தோல், உள்ளே நீர், நகம் பட்டால் பீச்சியடித்துவிடும். ஆனால் எல்லா நீர்க்கட்டியிலும் நீர்தான் இருக்கும் என்பதில்லை. தோலில் வரும் பையில் வெண்ணெய்க் கட்டி போன்ற பொருள் இருக்கும். சினைப்பையில் வரும் ஒரு வகையில் பழைய இரத்தம் கருஞ்சாந்தாகத் தேங்கியிருக்கும். டெர்மாய்டு எனப்படும் இன்னொரு வகையில் முடியும், சில வேளைகளில் பல்லும்கூட இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது சுவர்தான். பெரும்பாலான நீர்க்கட்டிகளில் அந்தச் சுவர் உயிருள்ள திசு. உள்ளிருக்கும் பொருளைச் சுரப்பதும் அதுவே. கிணற்றை இறைத்தாலும் ஊற்று அடைபடாதவரை நீர் ஊறுவதைப் போல, சுவரை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் வெளியேற்றினால் பை திரும்ப நிரம்புகிறது.

இவை ஏன் உண்டாகின்றன? நான் ஏதாவது தவறாகச் சாப்பிட்டேனா?

பெரும்பாலும் உணவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுரப்பியின் வாய் அடைபட்டோ, அதன் குழாய் கிழிந்தோ சுரப்பு உள்ளேயே தேங்குவதால் சில கட்டிகள் வருகின்றன. கண்ணிமையில் வரும் சலேசியன், உதட்டின் உட்புறத்தில் பல் பட்டு வரும் நீர்க்கொப்புளம் ஆகியவை இந்த இனம். கருவில் வளரும்போது மறைந்திருக்க வேண்டிய குழாய்களும் பிளவுகளும் மிச்சமாக நின்று பிற்காலத்தில் நிரம்புவதும் உண்டு. மாதந்தோறும் சினைமுட்டையை ஏந்தி நிற்கும் நீர்ப்பை வெடிக்காமல் பெரிதாவது மூன்றாவது வழி. மூட்டுத் தேய்மானம், பரம்பரை, ஒட்டுண்ணி ஆகியவையும் காரணமாகலாம். அவற்றைக் கீழே உரிய இடத்தில் பார்ப்போம்.

நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுமா?

சுவர் மெல்லியதாகவும், உள்ளே தெளிந்த நீர் மட்டுமே கொண்டதாகவும் இருக்கும் எளிய நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ஆனால் எல்லா உறுப்புக்கும் இதே விடையைச் சொல்லிவிட முடியாது. கணையத்தில் சளி சுரக்கும் சில வகைக் கட்டிகள் காலப்போக்கில் புற்றாக மாறக்கூடியவை என்பதால், அவை சிறிதாக இருந்தாலும் குறித்த இடைவெளியில் ஸ்கேன் செய்து கண்காணிக்கப்படுகின்றன. இன்னொன்றும் உண்டு: சில புற்றுக்கட்டிகளின் நடுப்பகுதி அழிந்து நீராகி, பார்வைக்கு நீர்க்கட்டி போலவே தோன்றும். ஆகவே மருத்துவர் தெரிந்துகொள்ள முயல்வது 'இது நாளை புற்றாக மாறுமா' என்பதைவிட 'இது இன்றைக்கே எளிய நீர்க்கட்டிதானா' என்பதையே ஆகும். அதற்கு விடை தருவது ஸ்கேன்.

ஸ்கேன் அறிக்கையில் உள்ள சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

'அனீகோயிக்' என்றால் ஒலியலைகளைத் திருப்பி அனுப்பாத, அதாவது திரையில் முழுக் கறுப்பாகத் தெரிகிற தெளிந்த நீர் என்று பொருள். 'தின் வால்டு' என்பது மெல்லிய சுவர். 'போஸ்டீரியர் என்ஹான்ஸ்மென்ட்' என்பது பயமுறுத்தும் சொல்லாகத் தெரிந்தாலும் நல்ல சொல்: ஒலி தடையின்றி நீரைக் கடந்துபோய்ப் பின்னால் உள்ள பகுதியைப் பளிச்சென்று காட்டுகிறது என்பதே அதன் செய்தி. இவை மூன்றும் ஓர் அறிக்கையில் சேர்ந்து வந்தால், பார்த்தது எளிய நீர்க்கட்டி என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மாறாக, 'செப்டா' என்றால் உள்ளே தடுப்புகள் உள்ளன. மெல்லிய ஒன்றிரண்டு தடுப்புகள் பெரும்பாலும் பொருட்டில்லை, தடித்தவை கவனிக்கப்பட வேண்டியவை. 'சாலிட் காம்பொனென்ட்', 'மியூரல் நாடியூல்', 'இன்டர்னல் வாஸ்குலாரிட்டி' என்ற சொற்கள், அதாவது பையினுள் திடமான பகுதியோ இரத்த ஓட்டமோ இருப்பதாகச் சொல்பவை, அடுத்த கட்டப் பரிசோதனையைக் கேட்கின்றன. அறிக்கையின் அளவு எண்ணை மட்டும் பார்த்துக் கலங்குகிறவர்களே அதிகம். 6 சென்டிமீட்டர் எளிய கட்டியைவிட திடப்பகுதி கொண்ட 2 சென்டிமீட்டர் கட்டி மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கும்.

முதுகில் பல ஆண்டுகளாக ஓர் உருண்டை இருக்கிறது. நடுவில் கரும்புள்ளி உண்டு. பிதுக்கினால் நாற்றமடிக்கும் வெண்பொருள் வருகிறது. பிதுக்கி எடுத்துவிடலாமா?

வேண்டாம். இதைக் 'கொழுப்புக் கட்டி' என்று பலரும் சொல்கிறார்கள்; மருத்துவமனைச் சீட்டில் 'செபேஷியஸ் சிஸ்ட்' என்று எழுதுவதும் வழக்கம். இரண்டுமே சரியான பெயர்கள் அல்ல. இதில் கொழுப்பும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியின் சுரப்பும் இல்லை. மேல்தோலின் ஒரு துணுக்கு உள்ளே மடிந்து பையாகி, வெளியே உதிர வேண்டிய செதில்களை உள்ளேயே உதிர்த்துச் சேர்த்து வைக்கிறது; நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அந்த வெண்பொருள். எனவே 'எபிடெர்மாய்டு சிஸ்ட்' என்பதே பொருத்தமான பெயர். கரும்புள்ளி அந்தப் பையின் அடைபட்ட வாய். உண்மையான கொழுப்புக் கட்டியான லைப்போமாவுக்கு இந்தப் புள்ளி இருக்காது. அது விரலுக்கு மெத்தென்று இருக்கும், தோலோடு ஒட்டாமல் நழுவும்.

பிதுக்கும்போது ஒரு பங்கு வெளியே வருகிறது. இன்னொரு பங்கு சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே சதைக்குள் சிந்துகிறது. சிந்திய கெரட்டினை உடல் அந்நியப் பொருளாகவே எண்ணித் தாக்குவதால் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட முடியாமல் வலிக்கும். சீழ் என்று நாம் நினைக்கும் பல வேளைகளில் அங்கே கிருமியே இருப்பதில்லை. ஆன்டிபயாடிக் விழுங்கியும் வீக்கம் இறங்கவில்லை என்ற மனக்குறையின் காரணம் பெரும்பாலும் இதுதான். கிருமியும் சேர்ந்து சீழ் கோத்துவிட்டால் முதலில் கீறி வடியவிடுவார்கள். அந்த நிலையில் சுவர் சிதைந்து சுற்றுச் சதையோடு ஒட்டிக்கிடக்கும் என்பதால் அப்போதே பையை முழுதாக உரிப்பது கடினம். புண் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பிறகே நிரந்தர அறுவை செய்வார்கள். ஆக, தொந்தரவு இல்லாத காலத்தில் ஒரே தடவையில் முடிந்திருக்கக்கூடிய வேலை, பிதுக்கியதால் இரண்டு தடவையாகிறது.

தொந்தரவே இல்லையென்றால் விட்டுவிடவும் செய்யலாம். ஆனால் சிறு வயதிலேயே உடலில் பல இடங்களில் இத்தகைய உருண்டைகள் தோன்றி, குடும்பத்தில் யாருக்கேனும் குடல் புற்றுநோயும் இருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். குடலில் பாலிப்புகள் எனப்படும் சதை முளைகள் உண்டாகும் பரம்பரை நோய் ஒன்றின் அடையாளமாக இது இருக்கலாம்.

இதை எப்படி அகற்றுகிறார்கள்? வலிக்குமா?

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி போடும்போது அரை நிமிடம் எரியும். அதற்குமேல் இழுப்பதும் அழுத்துவதும் தெரியுமே தவிர வலி தெரியாது. கரும்புள்ளியை நடுவில் வைத்து அதைச் சுற்றி மீன் வடிவில் தோலைக் கீறுவார்கள், ஏனென்றால் அந்தப் புள்ளி பையோடு சேர்ந்து வர வேண்டும். பிறகு வளைந்த கத்தரியின் மழுங்கிய முனையைப் பைக்கும் சதைக்கும் இடையே நுழைத்து விரித்து விரித்துப் பிரித்துக்கொண்டே போவார்கள். கைப்பக்குவம் உள்ளவர் கையில் அது முத்துச் சிப்பியின் பளபளப்போடு உடையாமல் முழுதாக வெளியே வரும். நடுவில் கிழிந்தாலும் பாதகமில்லை. கெரட்டினைத் துடைத்துவிட்டுச் சுவரின் ஒவ்வொரு துணுக்கையும் தேடி எடுப்பார்கள். முகமானால் 5 முதல் 7 நாளிலும், முதுகானால் 10 முதல் 14 நாளிலும் தையல் பிரிப்பது வழக்கம். முதுகில் தோல் இழுபடுவதால் தழும்பு சற்று அகலமாகவே நிற்கும். அழகுக்காக மட்டும் எடுக்க எண்ணுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டில் கல் போல ஓர் உருண்டை. எலும்பு வளர்கிறதா?

மணிக்கட்டின் புறப்பக்கத்தில் வருவது பெரும்பாலும் கேங்க்லியான். மூட்டு உறையிலிருந்து காம்பு விட்டு வளரும், பாகு போன்ற நீர் அடங்கிய பை. இருட்டறையில் டார்ச் ஒளியை ஒட்டிப் பிடித்தால் உருண்டை முழுதும் செந்நிறமாக ஒளிரும், எலும்பு அப்படி ஒளிராது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது தானாகவே மறைந்துவிடுகிறது. ஊசியால் உறிஞ்சினால் அன்றைக்குத் தட்டையாகும். காம்பு அப்படியே இருப்பதால் பலருக்குத் திரும்ப வரும். அறுவையில் காம்பையும் சேர்த்து எடுப்பதால் மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது. மேலைநாடுகளில் கனத்த புத்தகத்தால் ஓங்கி அடித்து இதை உடைக்கும் பழக்கம் இருந்தது. வீட்டிலிருக்கும் பெரிய புத்தகம் பைபிள் என்பதால் 'பைபிள் கட்டி' என்ற பெயரே வந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு வேண்டாம் என்பவர்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

முழங்காலின் பின்பள்ளத்தில் வருவது பேக்கர் கட்டி. 1877-இல் அதை விரிவாக எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் பேக்கரின் பெயர் அது. பெரியவர்களுக்கு இது முட்டித் தேய்மானத்தின் நிழல். முட்டிக்குச் சிகிச்சை செய்யாமல் கட்டியை மட்டும் எடுத்தால் பயனில்லை.

சினைப்பையில் 4 சென்டிமீட்டர் நீர்க்கட்டி என்று வந்துள்ளது. உடனே அறுவை செய்ய வேண்டுமா?

மாதவிடாய் தொடரும் வயதில் இந்த அளவுள்ள எளிய கட்டி பெரும்பாலும் நோயே அல்ல. ஒவ்வொரு மாதமும் சினைமுட்டை ஒரு நீர்ப்பைக்குள்தான் முதிர்கிறது. அது வெடிக்காமல் நின்றாலோ, வெடித்த பின் உள்ளே நீர் கோத்தாலோ அதையே ஸ்கேன் நீர்க்கட்டியாகக் காட்டுகிறது. இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றுக்குள் இவற்றுள் பெரும்பாலானவை மறைந்துவிடும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி வகுத்த நெறி, 5 சென்டிமீட்டருக்குக் கீழுள்ள எளிய கட்டிக்கு மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்றும், 5 முதல் 7 வரை ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும் என்றும், அதற்கு மேற்பட்டால் எம்ஆர்ஐ அல்லது அறுவை பற்றி யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. கட்டியைக் 'கரைக்க' என்று கருத்தடை மாத்திரை எழுதித்தரும் வழக்கம் இன்னும் உண்டு. இருக்கிற கட்டி அதனால் விரைவாகக் கரைவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது.

பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி, டெர்மாய்டு ஆகியவை தானாக மறையாதவை. அவற்றை லேப்ராஸ்கோப்பி எனப்படும் சிறுதுளை அறுவை மூலம் சுவரை உரித்து எடுத்து, சினைப்பையைக் காப்பாற்றுவார்கள். சாக்லேட் கட்டியில் ஒரு சிக்கல் உண்டு: சுவரை உரிக்கும்போது நல்ல சினைத்திசுவும் சிறிது சேர்ந்து போய்விடுவதால் முட்டைகளின் இருப்பு குறையலாம். குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே இதைப் பற்றி மருத்துவரிடம் விரிவாகப் பேசுவது நல்லது.

சினைப்பைப் புற்றின் அறிகுறியைத் தேடும் சிஏ 125 இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருப்பதைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் பலர். கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைத் தசைக்கட்டி, ஏன், சாதாரண மாதவிடாய் நாட்களில்கூட அது கூடும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் கட்டியில்தான் அந்த எண்ணுக்கு எடை அதிகம். அந்த வயதில் எந்தக் கட்டியையும் 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று நீங்களே முடிவு செய்யக்கூடாது.

வயிற்றைத் திறந்து கட்டியை எடுக்கும் அறுவையின் வரலாறே சினைப்பையில்தான் தொடங்குகிறது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத 1809-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர், ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை 25 நிமிடங்களில் அகற்றினார். அந்த அம்மையார் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

எனக்கு பிசிஓஎஸ் என்கிறார்கள். அந்த நீர்க்கட்டிகளை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

எடுப்பதற்கு அங்கே கட்டியே இல்லை. பிசிஓஎஸ் என்பது 'பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம்', அதாவது 'பல நீர்க்கட்டிச் சினைப்பை நோய்' என்பதன் சுருக்கம்; அந்தப் பெயரால் விளைந்த குழப்பம் இது. ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிபவை முதிராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுதான். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வகுத்த வரையறை 12 அல்லது அதற்கு மேற்பட்ட பைகள் இருந்தால் கணக்கில் கொண்டது. ஸ்கேன் கருவிகள் கூர்மையானதும் நல்ல உடல்நலமுள்ள இளம்பெண்களுக்கே அத்தனை தெரியத் தொடங்கியதால், 2018-இன் பன்னாட்டு நெறி அதை 20 ஆக உயர்த்தியது. நோய் இருப்பது ஹார்மோன் ஒழுங்கிலும் இன்சுலின் செயல்பாட்டிலும். மருத்துவமும் உடற்பயிற்சி, எடை, மாதவிடாய் ஒழுங்கு ஆகியவற்றை நோக்கியே அமைகிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் 'பெண்ணுக்கு வயிற்றில் கட்டியாமே' என்று பேச்சு எழுவதற்கு இந்தப் பெயர்தான் முதல் குற்றவாளி.

மார்பில் நீர்க்கட்டி வந்தால்?

35 முதல் 50 வயதுக்குள் இது மிகச் சாதாரணம். மாதவிடாய்க்கு முன் பெருத்து வலித்து, பின் தணியும். எளிய கட்டி என்று ஸ்கேன் உறுதி செய்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வலித்தால் ஊசியால் நீரை எடுக்கலாம். வெளியேறும் நீர் வைக்கோல் நிறத்திலோ பச்சையாகவோ இருந்தால் கவலையில்லை. இரத்தம் கலந்திருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கையால் தடவிப் பார்த்து இது நீர்க்கட்டிதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாத உறுப்பு இது.

சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தற்செயலாகக் கட்டி தெரிந்தது. என்ன செய்வது?

வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறுநீரக நீர்க்கட்டி தெரிவது, ஐம்பதைக் கடந்தவர்களுக்கு நரை போலச் சாதாரணம். 1986-இல் கதிரியல் மருத்துவர் மார்ட்டன் பாஸ்னியாக் வகுத்த தரப்பட்டியலில் இவை 1 முதல் 4 வரை பிரிக்கப்படுகின்றன. 1, 2 ஆகியவற்றை மறந்துவிடலாம், '2 எஃப்' என்பதைக் கண்காணிக்க வேண்டும், 3, 4 ஆகியவற்றுக்கு சிறுநீரக அறுவை மருத்துவரின் கருத்து தேவை. இரண்டு சிறுநீரகங்களிலும் ஏராளமாகக் கட்டிகள் இருந்தால் அது வேறு நோய்: பரம்பரையாக வரும் பல நீர்க்கட்டி நோயில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு.

கல்லீரலில் வரும் எளிய கட்டியும் பெரும்பாலும் அப்படியே விடத்தக்கது. அங்கே விலக்க வேண்டிய முக்கியப் பகை ஹைடாடிட் கட்டி. நாயின் குடலில் வாழும் எக்கைனோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை, கழுவாத கீரை வழியாகவோ நாயைத் தடவிய கை வழியாகவோ வயிற்றுக்குள் போய்க் கல்லீரலில் தங்கிப் பையாக வளர்கிறது. எளிய கட்டி என்று நினைத்து இதில் ஊசியைச் செருகினால், கசியும் நீர் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கிளப்பலாம். சிந்திய இடமெல்லாம் புதிய கட்டிகளும் முளைக்கலாம். ஆகவே புழுக்கொல்லியான அல்பெண்டசோல் மாத்திரையின் துணையோடும் உரிய முன்னேற்பாடோடும்தான் இதைத் தொடுவார்கள். ஆடு மேய்ப்பவர்களும் நாய் வளர்ப்பவர்களும் அந்தத் தகவலை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

குழந்தையின் கழுத்து நடுவில் உருண்டை. நாக்கை நீட்டினால் மேலே ஏறுகிறது.

அந்த அசைவே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. தைராய்டு சுரப்பி கருவில் நாக்கின் அடியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்கிவரும் பாதை மூடாமல் நின்றுவிட்டதால் வரும் கட்டி இது. பையை மட்டும் எடுத்தால் அடிக்கடி திரும்ப வந்ததால், 1920-இல் அறுவை மருத்துவர் வால்ட்டர் சிஸ்ட்ரங்க் அந்தப் பாதையையும், அது ஊடுருவிச் செல்லும் நாவடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து அகற்றும் முறையைச் சொன்னார். இன்றும் அதுவே முறை. அறுவைக்கு முன் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள், ஏனென்றால் சில குழந்தைகளுக்கு உடலிலுள்ள தைராய்டு முழுதும் அந்த உருண்டைக்குள்ளேயே இருந்துவிடும். நாற்பதைக் கடந்தவரின் கழுத்துப் பக்கவாட்டில் புதிதாக வரும் நீர்க்கட்டி வேறு கதை. புற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதைத் தீங்கற்றது என்று கொள்ளமாட்டார்கள்.

சுண்ணாம்பு, எருக்கம்பால், மூலிகைப் பற்று ஆகியவற்றால் கரையாதா?

எருக்கம்பாலும் சுண்ணாம்பும் தோலை அரிக்கும் பொருள்கள்; தோல் வெந்து புண்ணாகி அதன் வழியே உள்ளிருப்பது வெளியேறும்போது 'கட்டி உடைந்துவிட்டது' என்று தோன்றும். பை உள்ளேயேதான் இருக்கும். இமைக் கட்டிக்கு மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு நல்ல மதிப்புண்டு: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை ஒற்றினால் பல வேளைகளில் சில வாரங்களில் அடங்கிவிடும்.

எந்த அறிகுறிகளுக்கு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சினைப்பைக் கட்டி உள்ளவருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத் தாமதத்தில் அந்தச் சினைப்பையையே இழக்க நேரலாம். தலைசுற்றி மயக்கம் வந்தால் உள்ளே இரத்தம் கசிவதாக எண்ண வேண்டும். பேக்கர் கட்டி வெடித்துக் கெண்டைக்கால் வீங்குவதும், காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைவதும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், அதையும் ஸ்கேன் இல்லாமல் வீட்டில் முடிவு செய்ய முடியாது. தோல் கட்டி சிவந்து காய்ச்சலோடு பரவினால், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிக்கு, மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா?

அனுப்பச் சொல்லுங்கள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, தேவையில்லை என்று மருத்துவர் சொல்வது தோல் கட்டியில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பெயர் உறுதியாகிறது. அறிக்கை வரச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்ததாக எண்ணி அறிக்கையை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே அதையும் கேட்டு வாங்கி, மருத்துவரிடம் காட்டிவிட்டு, அறுவைக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பின்னொரு நாள் ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.